பிட்காத அப்பம்

எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் ரொட்டிக்காரர் அன்றைக்குத் தப்பித்திருப்பார்.

டயர் கடைக்கு மேலே, நீளமான ஒற்றை அறையில் கூடுகிற சபை அது. முப்பது சொச்சம் பேர். ஆயர் கிடையாது, அங்கி கிடையாது, மணி கிடையாது. மூப்பர்கள் மூன்று பேர். அதில் டவுன் பஸ் ஓட்டும் டிரைவர்தான் பெரும்பாலும் மேஜைக்குப் பின்னால் நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டால் சபை. மதியம் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டால் வெறும் மாடி. கீழேயிருந்து ரப்பர் வாடை ஏறி வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பழகியவர்களுக்கு அந்த வாடை இல்லாவிட்டால் ஜெபமே வராது.

நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் வெள்ளைத் துணி போர்த்திய ஒரே ஒரு ரொட்டி, பெரியது, உருண்டையானது. கடையில் இருக்கும்வரை அது ரொட்டி, மாடிப்படி ஏறியதும் அதன் பெயர் அப்பம். அதைப் பிட்பதற்கு முன்னால் மூப்பர் கேட்பார்: "நமக்குள்ள யாருக்காவது யார் மேலயாவது மனத்தாங்கல் இருக்கா?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிற்பார். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேசாமல் இருப்பதுதான் அதற்குப் பதில் என்பது அந்தச் சபையின் கைக்குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். வருஷக்கணக்காக அந்தக் கேள்வி அதுபாட்டுக்கு வந்து அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு மூப்பர் கேட்டு வாய் மூடவில்லை, ரொட்டிக்காரர் நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

"எனக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்றும் இல்லாத மனுஷன் எதற்கு எழுந்திருக்கிறார்? அறை முழுக்க அவரைப் பார்த்தது. பிறகு எல்லார் கண்ணும் பின்வரிசைக்குப் போயிற்று. அங்கே அவர் மனைவியின் தம்பி, அவர் கடையிலேயே மாவு பிசைகிறவன், வலது மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உனக்கு?" என்று டிரைவர் அவனைக் கேட்டார்.

அவன் கட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

ரொட்டிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மூப்பரின் கை அப்பத்துக்குப் போகவில்லை. அறையில் எல்லார் முகமும் மாறியிருந்தது. என்னவென்று பார்க்க ரொட்டிக்காரர் இடது பக்கம் திரும்பினார். அங்கே அவர் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஏதோ சொல்லியும் முடித்திருந்தாள்.

"யார் மேலம்மா?" என்று டிரைவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரர் மேல." இந்தத் தடவை அவள் உரக்கச் சொன்னாள். "என் தம்பியைக் கைநீட்டி அடிச்சிருக்கார். தனியா சொல்லிப் பாத்தேன், கேக்கல. நர்ஸ் அக்காவைக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னேன், அப்பவும் கேக்கல. அதனாலதான் இங்க சொல்றேன்."

முறை பிசகாத பேச்சு. முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அதற்கும் கேட்காவிட்டால் சபையில் என்பதுதான் அங்கே ஒழுங்கு. டிரைவர் அப்பத்தின்மேல் துணியை இழுத்து மூடினார்.

"மேஜை நிக்கட்டும், இன்னிக்கு அப்பம் வேணாம்" என்றார். ஒரு பாட்டுப் பாடினார்கள். கலைந்து போனார்கள்.

நடந்தது இதுதான். முந்தின நாள், சனிக்கிழமை காலை. கடைக்கு விற்கும் ரொட்டிகள் தகர அச்சில் வேகும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சபை ரொட்டிக்கு அச்சு இல்லை. மேலே செம்பு நிறம் ஏறியிருந்தாலும் உள்ளே மாவு மாவாகவே இருக்கலாம். வெந்ததா என்று தெரிய ஒரே வழி, கவிழ்த்துப் பிடித்து அடியில் விரலால் தட்டுவது. வெந்திருந்தால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வரும். வேகாவிட்டால் தலையணையைத் தட்டியது போல் இருக்கும். மைத்துனன் தட்டிப் பார்த்தான்.

"அத்தான், நடு வேகல. இன்னும் கொஞ்சம் போகட்டும்."

கடை முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். ரொட்டிக்காரர் அப்பா காலத்திலிருந்து அடுப்படியில் நிற்பவர். தானும் வாங்கித் தட்டினார். "வெந்தாச்சு" என்றார்.

"இல்ல அத்தான், வேகல" என்று அவன் கை நீட்டினான், திரும்ப அடுப்பில் வைக்க.

ரொட்டியை உள்ளே தள்ளும் நீண்ட மரத் துடுப்பு ரொட்டிக்காரர் கையில் இருந்தது. அந்த நீட்டிய கையில் அது இறங்கியது. இறங்கிய பிறகுதான் இறங்கியது அவருக்கே தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் பாக்கெட் பாலைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர் மனைவி எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவள் இல்லை. மத்தியானமே தனியாகச் சொன்னாள். சாயங்காலம், தம்பி கைக்குக் கட்டுப் போட்டுவிட்ட, அதே சபையைச் சேர்ந்த நர்ஸ் அக்காவோடு கடைக்கே வந்து சொன்னாள். ரொட்டிக்காரர் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பன் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார். நர்ஸ் அக்கா பன்னைக் கல்லாமேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பிட்காத அப்பம் ஞாயிறு மத்தியானம் துணியோடு வீட்டுக்கு வந்தது. மேஜைக்குப் போன அப்பம் அதுவரை ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அதை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"அறுத்து வை. சாப்பிட்டுத் தொலைப்போம்" என்றார் ரொட்டிக்காரர்.

"சபைக்குன்னு சுட்டது. தனியா உக்காந்து திங்கறதுக்கா?" என்று மனைவி அதை ஃபிரிட்ஜ் மேல் தூக்கி வைத்தாள்.

"வீட்டுச் சண்டைய ஊருக்குக் கொண்டு போயிட்டே."

"ஊருக்கு எங்க கொண்டு போனேன்? சபைக்குத்தானே சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா, சபை அப்பம் இல்லாமப் போனப்ப ஊர் மட்டும் நல்லாச் சாப்பிட்டுப் படுத்திருக்குமா" என்றாள் அவள்.

மைத்துனன் அதே வீட்டில், பின்னறையில் இருந்தான். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றவர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் குளித்துவிட்டு உள்ளே போன பிறகே மற்றவர் முற்றத்துக்கு வந்தார். வெளியூர் பிஸ்கட் ஃபேக்டரி ஒன்றில் வேலை கேட்டிருந்தான். புதன்கிழமை போன் வந்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் மட்டும் சொன்னான். அக்கா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் ரொட்டிக்காரருக்கு விஷயம் தெரிந்தது.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் டிரைவர் கடைக்கு வந்தார். ரொட்டிக்காரர் ஒற்றை ஆளாக மாவு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாகத் தூக்கம் இல்லாத கண்கள். டிரைவர் ஒரு மாவு மூட்டையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. தீர்ப்பு எழுதிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ரொட்டிக்காரர்.

"அந்த அடுப்பு பர்னரை நிறுத்தேன். கத்த வேண்டியிருக்கு."

"அது நிக்காதுண்ணே. அது நின்னா என் வயிறும் நின்னுடும். சொல்லுங்க, என்னைச் சபையை விட்டு விலக்கியாச்சா?"

"இல்லையே."

"பின்ன?"

"நாங்க நிறுத்திட்டோம். எல்லாரும். நீ வர்ற வரைக்கும் யாருக்கும் அப்பம் இல்ல."

ரொட்டிக்காரர் மாவுக் கையோடு திரும்பினார். வெட்டி விலக்கியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குச் சொல்லவேண்டிய வசனமெல்லாம் அவர் மனசுக்குள் தயாராக வைத்திருந்தார். இப்போது அது ஒன்றும் உதவவில்லை.

"நான் பண்ணினதுக்கு அவங்க எதுக்குண்ணே பட்டினி கெடக்கணும்?"

"உன்னை விட்டுட்டு உக்காந்து சாப்பிட்டா அது எங்க சாப்பாடு தம்பி. கர்த்தரோட சாப்பாடு இல்ல."

"அடுப்படியில நடந்தது. என் கடை. என் மச்சான். இதுல சபைக்கு என்ன வேலை? இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. சபைன்னா யாரு? டயருக்குப் பஞ்சர் ஒட்டறவரு, ஊசி போடற அக்கா, பஸ் ஓட்டற நீங்க. உங்களுக்கு யாரு குடுத்தது இந்த அதிகாரம்?"

டிரைவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "எனக்கும் இதேதான் தோணும். நல்ல ஆளுங்களா பாத்துக் குடுத்திருக்கக் கூடாதான்னு. ஆனா கர்த்தர் வேற யாரையும் அனுப்பலையே. நம்மளைத்தானே நம்பி விட்டுட்டுப் போனாரு. நாங்க யோக்கியங்கறதால வந்த அதிகாரம் இல்ல இது. போன மாசம் ஒரு ஆட்டோக்காரனை நடுரோட்டுல வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நர்ஸ் அக்கா என் வண்டியிலதான் இருந்தாங்க. டெப்போ வரைக்கும் வந்து, இறங்காம உக்காந்து கேட்டாங்க. அவனைத் தேடிப்பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். அவன் நான் தண்ணி போட்டிருக்கேன்னு நெனச்சுட்டான்."

ரொட்டிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நீங்க பண்றது மிரட்டற மாதிரி இருக்குண்ணே."

"இருக்கும். எனக்கும் பயம்தான். தப்பா பண்ணிட்டோம்னா கர்த்தருக்கு நான் பதில் சொல்லணும், சும்மா இல்ல." அவர் எழுந்து பின்பக்க மாவைத் தட்டிவிட்டார். "நான் ஓடி வர்ற ஆளுக்கு பஸ்ஸை நிறுத்தறவன். அதுக்கு மெமோ எல்லாம் வாங்கியிருக்கேன். ஓடி வராத ஆளுக்காக நிறுத்தி வெச்சிருக்கறது இதுதான் முதல் தடவை."

சனிக்கிழமை ரொட்டிக்காரர் சபை ரொட்டியைச் சுட்டார். ரொட்டி வரவில்லை, அதனால்தான் மேஜை நின்றது என்ற பேச்சு வரக்கூடாது அல்லவா. ஆனால் மறுநாள் அதை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மழையில் குடை பிடித்து, கடைவீதிக் கோடியில் இருக்கும் பெரிய ஆலயத்துக்குப் போனார். கோபுரம் உண்டு, வண்ணக் கண்ணாடி உண்டு. முக்கியமாக, அங்கே அவரை யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே கர்த்தர்தானே, அங்கே போய் அப்பம் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்பது அவர் கணக்கு.

வாசலில் ஆயர் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கியின் ஓரம் மழையில் நனைந்திருந்தது.

"புதுசா வர்றீங்களா? எந்தச் சபைங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "டயர் கடை மாடி" என்றார்.

"ஓ, டிரைவர் அண்ணன் சபையா." ஆயரின் முகம் மலர்ந்தது. "அங்க மேஜை நிக்குதாமே."

ரொட்டிக்காரர் குடையை மடக்கவா வேண்டாமா என்று நின்றார். "உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"அவர்தான், பஸ்ஸுல பாத்தப்ப. பேரெல்லாம் சொல்லல. ஒரு பிரதருக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம், நீங்களும் ஜெபம் பண்ணுங்கன்னார். நாங்களும் பண்றோம்." ஆயர் ஒரு கிழவரைக் கைபிடித்துப் படியேற்றிவிட்டு வந்தார். "இங்க பெரிய கூட்டங்க. ஒருத்தர் வரலன்னா எனக்கே தெரிய ரொம்ப நாளாகும். எனக்கு அதுதான் உறுத்தல். அந்த மனுஷன் யாரோ, கொடுத்து வெச்சவர்."

மழைத்தண்ணீர் குடைக்கம்பி வழியாக ரொட்டிக்காரரின் சட்டைக் கைக்குள் இறங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"அந்த ஆளு இங்க வந்து கை நீட்டினா நீங்க குடுப்பீங்களா?"

"தெரிஞ்சா குடுக்க மாட்டேன்" என்றார் ஆயர். அதையும் சிரித்த முகமாகத்தான் சொன்னார். "அவங்க கட்டினதை நான் அவுத்து விட்டா, அது வேற சபை, இது வேற சபைன்னு ஆயிடுமே. பேர்ப்பலகைதான் வேற. உள்ள வாங்க, நனையறீங்க."

ரொட்டிக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கம்கூட நன்றாகத்தான் இருந்தது. இங்கே எழுந்து நின்று குற்றம் சொல்ல யாரும் இல்லை என்பது முதலில் காற்றோட்டமாக இருந்தது. பிறகு, தான் இந்த பெஞ்சிலேயே செத்து விழுந்தாலும் யார் வீட்டு ஆள் என்று விசாரிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. எல்லாரும் அப்பம் வாங்க வரிசையாக முன்னால் போனபோது அவர் போகவில்லை. கையில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் மேல் இரண்டாவது அப்பமும் ஏறியிருந்தது. முதலாவது கல்லாகியிருந்தது.

மனைவி அவருக்குச் சோறு போட்டுவிட்டு வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அவன் போறதுக்காக நான் அழல. வயசுப் பையன், எங்கயாவது போய்ப் பொழைக்கட்டும். ஆனா உங்களைப் பாத்துப் பயந்துக்கிட்டுப் போறான். அதுதான் எனக்கு ஆகல."

ரொட்டிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் உங்களுக்கு இடது பக்கம் படுத்துக்கிட்டு எவ்வளவு பேசியிருக்கேன், பதிலே வராது. தூங்கிட்டீங்கன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. அந்த பர்னர் உங்க காதைத் தின்னுடுச்சு. வலது காதும் பாதிதான்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம். அவனுக்கும் தெரியும். எப்பவோ தெரியும். அதுக்குத்தானே உங்களுக்கு முன்னாடி அவன் தட்டிப் பாக்கறான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இத்தனை நாளா மெதுவாத்தான் சொல்லிக்கிட்டிருந்தான். அன்னிக்குத்தான் நீங்க கேக்காம, ரெண்டாந்தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு."

ரொட்டிக்காரர் தட்டிலேயே கை கழுவி எழுந்துவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அந்த வாரமும் போயிற்று. ஆனால் ஒன்று மாறியிருந்தது. கடைக்கு வரும் சபையார் ஒவ்வொருவரையும் அவர் நிமிர்ந்து பார்த்தார். டயர் கடைக்காரர் வழக்கம்போல் பன் வாங்கினார், வழக்கம்போல் மழையைத் திட்டினார். நர்ஸ் அக்கா, "தூங்கறீங்களா ஒழுங்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அவர் ஒருவருக்காக இவர்கள் எல்லாரும் வெறும் வாயோடு இருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க அவருக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை நாள் சபையைத் தாங்குவது தன் ரொட்டி என்று நினைத்திருந்தார், பாவம்.

சனிக்கிழமை மறுபடி சபை ரொட்டி. வெளியே எடுத்தார். செம்பு நிறம் பிரமாதமாக ஏறியிருந்தது. பர்னரை நிறுத்தினார். கவிழ்த்துப் பிடித்து, வலது காதோடு ஒட்டி வைத்துத் தட்டினார். காது சுட்டதுதான் மிச்சம். தட்டியது விரலில் தெரிந்தது, காதில் சத்தம் எதுவும் விழவில்லை. கடைக்குப் பின்னால் வீட்டு அறையில் மைத்துனன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ரொட்டியோடு அந்தக் கதவுவரை போனார். கதவில் கை வைத்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. திரும்பி வந்து ரொட்டியைத் துணியில் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. காய்ச்சல்காரர்கள்கூட வந்திருந்தார்கள், மறுநாள் ஊருக்குப் போகிறவனை வழியனுப்ப. டிரைவர் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நமக்குள்ள யாருக்காவது யார் மேலயாவது மனத்தாங்கல் இருக்கா?"

ரொட்டிக்காரர் எழுந்தார். இந்தத் தடவை நாற்காலி கிறீச்சிடவில்லை, அவர் அதைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

"நான் என் மச்சானை அடிச்சேன். நாலு பேர் முன்னாடி. ரொட்டி வேகலன்னு சொன்னதுக்கு." மைத்துனன் பக்கம் திரும்பினார். "எனக்குக் காது போயிடுச்சு. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கேங்கறதுதான் எனக்குப் பொறுக்கல. தப்பு என்னுது. மச்சான், என்னை மன்னிச்சுடு. நீங்க எல்லாரும் மன்னிக்கணும், உங்களையும் காய வெச்சுட்டேன்."

மைத்துனன் பின்வரிசையிலிருந்து நடந்து வந்தான். அவர் பக்கத்து நாற்காலியில், வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டான்.

"சபையார் என்ன சொல்றீங்க?" என்று டிரைவர் கேட்டார்.

"மன்னிச்சோம்" என்று முதலில் வந்தது நர்ஸ் அக்காவின் குரல். அப்புறம் டயர் கடைக்காரர். பிறகு யார் யாருடையதோ, முன்னும் பின்னுமாக. ரொட்டிக்காரரின் காதுக்கு அது கீழே பெரிய லாரி ஒன்று வந்து நிற்பது போல, தரை வழியாகத்தான் கேட்டது. ஆனால் நன்றாகக் கேட்டது. கடைசியில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவியின் உதடும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்ப முடிஞ்சுது" என்றார் டிரைவர். "இங்க முடிஞ்சுதுன்னா மேலயும் முடிஞ்சுது. இனிமே இதை யாரும் பேசக்கூடாது. நீயும் பேசக்கூடாது தம்பி, உன் மனசுக்குள்ளகூட. இது சபை சொல்றது." அவ்வளவு அழுத்தமாக அந்த மனுஷன் பேசி யாரும் கேட்டதில்லை. ரொட்டிக்காரருக்கு அப்போதுதான் அந்த அதிகாரம் எதற்கு என்று புரிந்தது. அதை எதிர்க்க அவருக்கு மனசு இல்லை.

டிரைவர் துணியை எடுத்தார். ஜெபம் பண்ணினார். அப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிட்டார்.

மேல் தோல் அழகாக உடைந்தது. உள்ளே அவர் கட்டைவிரல்கள் இரண்டும் மாவில் புதைந்து ஒட்டிக்கொண்டன. நடுவில் வெள்ளையாக, ஈரமாக, பச்சை மாவு. முன்வரிசை முழுக்கப் பார்த்தது. டிரைவர் ஒரு நொடி விரலைப் பார்த்தார். பிறகு எதுவும் நடக்காததுபோல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டை நர்ஸ் அக்காவிடம் கொடுத்தார்.

தட்டு கை மாறிக் கை மாறி வந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பல்லில் ஒட்டியதை நாக்கால் வழித்து வழித்து, இரண்டு வாரம் காத்திருந்த முப்பது சொச்சம் பேரும் மென்றார்கள். டயர் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ரொட்டிக்காரருக்குக் காதுமடல்வரை சூடேறியது. தட்டு அவரிடம் வந்தது. எடுத்துக்கொண்டு மைத்துனனிடம் கொடுத்தார். அவன் கட்டுப் போட்ட கையால் ஒரு துண்டு எடுத்தான், மென்றான். பிறகு அவர் வலது காதுப் பக்கம் மெல்லச் சாய்ந்தான்.

"அத்தான், நடு வேகல."

"ஆமா மச்சான், வேகல" என்றார் ரொட்டிக்காரர்.